மருதாணிக்கு அடியில்

கருவடிக்குப்பம்,
9 ஜூலை 2024

ஜாகிர் மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஸலாமுக்குப் பதில் சொல்ல உங்களுக்கு மனசு வராது என்று தெரியும். அது உங்களுக்கும் அல்லாஹ்வுக்கும் உள்ள விஷயம்.

அக்கா மௌத்தாகி ஒன்றரை வருடம் ஆகிறது. நீங்கள் என் நம்பரை பிளாக் செய்தும் அதே ஒன்றரை வருடம். வேறு போனிலிருந்து கூப்பிட்டிருக்கலாம். ஆனால் இப்போதெல்லாம் நான்கு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசினால் இருமல் வந்துவிடுகிறது. அதனால்தான் இந்தக் கடிதம். கருவடிக்குப்பத்திலிருந்து மூலக்குளத்துக்குத் தபால் போடுகிறவள் பாண்டிச்சேரியிலேயே நான் ஒருத்திதான் இருப்பேன். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

உங்கள் மகள் ஹனீன் நன்றாக இருக்கிறாள். காலேஜுக்கு ஒழுங்காகப் போகிறாள். நான் உங்களுக்கு எழுதுவது அவளுக்குத் தெரியாது.

ஒரே ஒரு கேள்வி. அக்காவுக்கு வந்த நோய்க்கு என்ன பெயர்? கடைசியில் ஆஸ்பத்திரியில் ஏதாவது சொன்னார்களா? காகிதம் ஏதாவது கொடுத்தார்களா?

ஏன் கேட்கிறேன் என்றால், போன மார்ச்சில் என் ஆட்காட்டி விரல் ஓரத்தில் ஒரு வெடிப்பு வந்தது. பிறகு கட்டைவிரல். இப்போது இரண்டு கையிலும் விரல் ஓரமெல்லாம் சொரசொரவென்று கறுத்து, வெடித்துக் கிடக்கிறது. என் வேலை என்னவென்று உங்களுக்குத் தெரியும். நோட்டரி ஆபீஸில் ஏ.சி.க்கு அடியில் உட்கார்ந்து, பழைய பிரெஞ்சுப் பிறப்புப் பத்திரங்களை மொழிபெயர்த்து டைப் அடிக்கிறேன். காகிதம் கையை வெடிக்க வைக்குமா மச்சான்?

பதில் போடுங்கள். திட்டியாவது போடுங்கள்.

ஷாஜாதி

*

மூலக்குளம்,
22 ஜூலை 2024

ஷாஜாதிக்கு,

வ அலைக்கும் ஸலாம். பதில் சொல்வது கடமை. அதற்காகத்தான் பேனாவை எடுத்தேன்.

உன் அக்காவை அடக்கிய மூன்றாம் நாள். என் வீட்டு ஹாலில் நாற்பது பொம்பளைகள் பாத்திஹா ஓத உட்கார்ந்திருந்தார்கள். நான் டீத் தட்டோடு அடுப்படி வாசலில் நின்றேன். அப்போது நீ என்ன சொன்னாய்? உனக்கு மறந்திருக்கலாம். எனக்கு ஒவ்வொரு எழுத்தும் ஞாபகம் இருக்கிறது. "எங்க அக்கா கையப் பாத்தீங்களா? மெக்கானிக் கை மாதிரி வெடிச்சுக் கெடந்துச்சு. சோப்புத் தூளையும் சோடாவையும் அள்ள வெச்சே கொன்னுட்டாரு இந்த மனுசன்."

கொன்னுட்டாரு என்றாய். டீ ஆறிப் போனது. ஒருத்தர் எடுக்கவில்லை.

நாற்பதாம் நாள் ஹனீன் பையைத் தூக்கிக்கொண்டு உன்னோடு வந்துவிட்டாள். அத்தா சாப்பிட்டீங்களா என்று ஒரு வார்த்தை அதற்குப் பிறகு அவள் கேட்டதில்லை. தட்டாஞ்சாவடி சோப்புத் தூள் ஷெட்டைப் பூட்டிவிட்டேன். இப்போது வேறொருத்தர் கம்பெனியில் சூப்பர்வைசர்.

உன் கை வெடித்தால் தோல் டாக்டரைப் பார். ஊரில் டாக்டருக்குப் பஞ்சமில்லை. என்னிடம் எந்தக் காகிதமும் கிடையாது.

ஜாகிர்

*

கருவடிக்குப்பம்,
14 ஆகஸ்ட் 2024

மச்சானுக்கு ஸலாம்.

திட்டினீர்கள். வாங்கிக்கொண்டேன். இப்போது நான் சொல்வதைக் கேளுங்கள்.

அக்காவைக் குளிப்பாட்ட நான்கு பேர் இருந்தோம். முன்னால் நின்றது குத்புதீன் வீட்டு மாமி. நாற்பது வருடமாக இந்த ஊரில் மௌத்தான பெண்களைக் குளிப்பாட்டுகிற கை. கதவைச் சாத்தியதும் மாமி சொன்ன முதல் வார்த்தை, "இங்க பாத்தது இங்கயே. மய்யித்து ஒடம்புல எதப் பாத்தாலும் வெளிய வாயத் தெறக்கக் கூடாது." தலையை ஆட்டினேன்.

வலது கையை எனக்குக் கொடுத்தார்கள். விரல் நிறைய மருதாணி. அக்கா எந்தக் காலத்தில் அவ்வளவு மருதாணி வைத்தாள்? தண்ணீர் ஊற்றித் தேய்த்தபோதுதான் அடியில் இருந்தது தெரிந்தது. விரல் ஓரமெல்லாம் வெடிப்பு, வெடிப்புக்குள் மருதாணி போய்க் கறுத்திருந்தது. விரல் முட்டிகளில் ஊதா நிறத்தில் தடிப்பு. எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது மச்சான். பட்டுக் கை அது. யாரைக் குறை சொல்வதென்று தேடினேன். நீங்கள் கண்ணில் பட்டீர்கள்.

மாமிக்குக் கொடுத்த வாக்கை மூன்று நாள்கூடக் காப்பாற்றவில்லை நான்.

இப்போது அதே வெடிப்பு என் கையில். முட்டியில் அதே ஊதா. நான் உங்கள் ஷெட் பக்கம் வந்ததே இல்லை. மே மாதத்திலிருந்து எனக்கு டி.பி. மாத்திரை கொடுக்கிறார்கள். அக்காவுக்கும் முதலில் அதுதானே கொடுத்தார்கள்? அவளுக்குக் கேட்டதா? எனக்கும் கேட்கவில்லை.

இன்னொன்று. எழுதவே பயமாக இருக்கிறது. அக்காவின் இருமல் உங்களுக்கு ஞாபகம் இருக்குமே, சளி இல்லாமல், சின்னதாக இரண்டு, பிறகு நீளமாக ஒன்று. போன வாரம் நான் இருமினேன். அடுப்படியில் கரண்டி விழுந்த சத்தம் கேட்டது. ஹனீன் ஓடிவந்து வாசற்படியில் நின்று என்னையே பார்த்தாள். "அம்மா மாதிரியே இருமுறீங்க சின்னம்மா." அன்றிலிருந்து நான் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டுதான் இருமுகிறேன். என் தொண்டைக்குள் உட்கார்ந்து அக்கா இருமுகிறாள். கணக்குத் தீர்க்க வந்திருக்கிறாளோ என்னவோ.

நான் அன்று சொன்னது பொய்யாக இருக்கலாம். இந்த ஒரு வரியை எழுத எனக்கு மூன்று நாள் ஆனது. காகிதம் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் பழைய பால் கவரைக்கூடத் தூக்கிப் போடாத ஆள். தேடுங்கள்.

ஷாஜாதி

*

மூலக்குளம்,
2 அக்டோபர் 2024

ஷாஜாதி,

இதற்கு முன் இரண்டு கடிதம் எழுதிக் கிழித்தேன்.

காகிதம் இருக்கிறது. பொய் சொன்னேன்.

உன் அக்கா நூரீன் போவதற்கு முந்தின நாள், ஐ.சி.யு.வில் ஒரு சின்ன வயசு டாக்டரம்மா அவள் விரலைப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். அதுவரை ஒருத்தரும் பார்க்கவில்லை. எல்லோரும் நெஞ்சைத்தான் படம் எடுத்தார்கள். "இந்தக் கை எப்பலேர்ந்து இப்படி இருக்கு?" என்றார். எனக்குத் தெரியவில்லை. பொண்டாட்டி கை எப்போதிலிருந்து அப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. ரத்தம் எடுத்து வெளியூருக்கு அனுப்பினார். ரிசல்ட் கூரியரில் வீட்டுக்கு வந்தபோது அவளை அடக்கி ஐந்து நாள் ஆகியிருந்தது. நீ பேசி இரண்டு நாள்.

நான் பிரிக்கவில்லை. பீரோ அடித்தட்டில், அவள் துணிகளுக்குக் கீழே வைத்தேன். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

ஏன் பிரிக்கவில்லை என்று கேட்பாய். அதில் என் சோப்புத் தூளின் பெயர் இருந்தால்? நீ சொன்னதை நீ இப்போது பொய் என்கிறாய். நான் அதை நம்பியவன். அவளாகத்தான் ஷெட்டுக்கு வந்தாள். "வூட்ல ஒக்காந்து சுவத்தையா பாக்கச் சொல்றீங்க?" என்பாள். பாக்கெட் போட உட்கார்ந்தால் நாலு பேர் வேலையைச் செய்வாள். கையுறை கேட்டாள். வாங்கித் தந்தேன். கிழிந்தது. மறுபடி கேட்டாள். வாங்குகிறேன் என்றேன், வாங்கவில்லை.

ஒரு நாள் தொழுகையில் சுஜூது போனவள் எழுந்திருக்கவில்லை. நெற்றி தரையில் இருந்தபடியே கிடந்தாள். "என்னா, தூங்கிட்டியா?" என்று சிரித்தேன். "தொடையில தெம்பு இல்லீங்க, கையக் குடுங்க" என்றாள். விளையாடுகிறாள் என்று நினைத்தேன். பிறகுதான் கை கொடுத்தேன். கொஞ்ச நேரம் கழித்து.

பக்கத்து வீட்டு நெடுமாறன் போன வெள்ளிக்கிழமை கேட்டார், "யாரு பாய் உங்க வூட்ல இருமுறது? சொந்தக்காரங்க வந்துருக்காங்களா?" இந்த வீட்டில் நான் ஒருத்தன்தான் ஷாஜாதி. எனக்கு மட்டும்தான் கேட்கிறது என்று அதுவரை நினைத்திருந்தேன்.

என்னால் பிரிக்க முடியாது. ஹனீன் ஒரு நாள் அதைப் படிப்பாள். அத்தா பெயர் அதில் இருந்தால் நான் எங்கே போவேன்?

ஜாகிர்

*

கருவடிக்குப்பம்,
19 நவம்பர் 2024

மச்சான்,

நீளமாக எழுத முடியாது. பேனா பிடித்தால் தோள் கழன்றுவிடும் போல் வலிக்கிறது.

வேலையை விட்டுவிட்டேன். ஆபீஸ் மாடியில் இருக்கிறது. பதினெட்டுப் படி. எட்டாவது படியில் உட்கார்ந்துவிட்டேன், வாட்ச்மேன் அம்மாவாசை நாற்காலியில் வைத்துத் தூக்கி இறக்கினார். என் தலையை நானே சீவ முடியவில்லை. ஹனீன்தான் சீவி விடுகிறாள்.

புது டாக்டர் ஒருவரைப் பார்த்தேன். "டி.பி. மாதிரி தெரியல. ஒங்க அக்காவும் இதே மாதிரி தவறிட்டாங்கன்னு சொல்றீங்க. அவங்க ரிப்போர்ட் ஏதாவது கெடைச்சா எங்க தேடறதுன்னு எனக்குத் தெரியும். நுரையீரல் வேகமா கெட்டுக்கிட்டு வருது, சீக்கிரம் கொண்டாங்க" என்றார்.

ஹனீன் என் விரலைப் பார்த்துவிட்டாள். மறுநாள் மருதாணி இலையை அரைத்துக் கிண்ணத்தில் கொண்டுவந்து வைத்தாள். "அம்மா இதத்தான் பூசிக்கும் சின்னம்மா. நாந்தான் அரைச்சுக் குடுப்பேன்."

கொலைகாரன் என்று அந்தக் காகிதத்தில் எழுதியிருக்குமோ என்று உங்களுக்குப் பயம். செத்துப்போவேனோ என்று எனக்குப் பயம். எது பெரிசு என்று நீங்களே சொல்லுங்கள். பிரிக்க வேண்டாம். மூடியபடியே அனுப்புங்கள். என் டாக்டர் பிரிக்கட்டும். உங்களுக்கு ஒன்றும் தெரிய வேண்டாம். இதுகூடவா முடியாது?

அக்கா கை நீட்டியபோது கொஞ்ச நேரம் கழித்துத்தான் கொடுத்தேன் என்று எழுதினீர்களே. இப்போது நான் நீட்டுகிறேன்.

ஷாஜாதி

*

மூலக்குளம்,
3 டிசம்பர் 2024

ஷாஜாதி,

இதை டாக்ஸி ஓட்டுகிற சக்கரபாணியிடம் கொடுத்து அனுப்புகிறேன். புயல் மழையில் தபால் எப்போது வருமோ தெரியாது.

உன் கடிதம் வந்து ஒரு வாரம் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சுற்றினேன். சனிக்கிழமை புயல் கரையைக் கடந்தது. விடிந்து பார்த்தால் தெரு முழுக்கத் தண்ணீர். கொஞ்ச நேரத்தில் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. முழங்கால் வரை. எல்லோரும் சிலிண்டரையும் அரிசியையும் தூக்கிப் பரண் மேல் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் முதலில் எதை எடுத்தேன் தெரியுமா? பீரோவைத் திறந்து உறையை எடுத்தேன். பனியனுக்குள் செருகிக்கொண்டு தண்ணீரில் நின்றேன். வீட்டுப் பத்திரம்கூட ஞாபகம் வரவில்லை. என்னைப் பார்த்து எனக்கே அருவருப்பாகப் போய்விட்டது. தண்ணீரில் போகட்டும் என்று விட்டிருந்தால் யாரும் என்னைக் கேட்டிருக்க மாட்டார்கள். விடவும் இல்லை, பிரிக்கவும் இல்லை, உனக்குக் கொடுக்கவும் இல்லை. எதற்காக இப்படிக் கட்டிக்கொண்டு நிற்கிறேன்?

அங்கேயே பிரித்தேன். மூடியபடி அனுப்பு என்று எழுதியிருந்தாய். மன்னித்துக்கொள். நான் பார்க்க வேண்டியதை உன் டாக்டர் தலையில் கட்ட மனசு வரவில்லை.

இங்கிலீஷில் இரண்டு பக்கம். என் தூள் பெயரைத் தேடினேன். சோடா, ஆசிட், சிலிகேட், எதுவும் இல்லை. ஏதோ எழுத்தும் எண்ணும். நடுவில் ஒரு வரியை மட்டும் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள். ஜோ ஒன், பாசிட்டிவ். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

இதோடு வைத்திருக்கிறேன். நகல் எடுக்கவில்லை, எனக்கு வேண்டாம். இன்றைக்கே டாக்டரிடம் போ. நாளை என்று வைக்காதே.

ஜாகிர்

*

கருவடிக்குப்பம்,
15 ஜனவரி 2025

மச்சானுக்கு ஸலாம்.

இதை நான்கு நாளாக, கொஞ்சம் கொஞ்சமாக எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காகிதத்தைப் பார்த்ததும் டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். என் ரத்தத்தையும் அதே சோதனைக்கு அனுப்பினார். எனக்கும் அதே ஜோ ஒன். நம் உடம்பைக் காப்பாற்ற இருக்கிற காவல்காரனே ஆள் தெரியாமல் நம் தசையையும் நுரையீரலையும் அடிக்கிறான், அதுதான் நோய் என்றார். தோல் வேறு, தொடை வேறு, இருமல் வேறு என்று ஒவ்வொன்றாகப் பார்த்தால் பிடிபடாதாம். மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டுமாம். அந்த வெடிப்புக்கு டாக்டர்கள் என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் தெரியுமா? மெக்கானிக் கை. நான் அன்று நாற்பது பேர் நடுவில் சொன்ன அதே வார்த்தை. மெக்கானிக் வேலை தெரியாதவர்களுக்கும் வரும் என்றார். நான் அங்கேயே அழுதுவிட்டேன்.

சோப்புத் தூளால் வந்ததா என்று கேட்டேன். உங்களிடம் மறைக்க மாட்டேன். "எதனால வருதுன்னு யாருக்கும் உறுதியாத் தெரியாதும்மா. ஆனா தூள் தொடாத ஒங்களுக்கும் வந்திருக்கே" என்றார். தொற்று கிடையாது. ஒரே வீட்டில் இரண்டு பேருக்கு வருவது ரொம்ப அபூர்வமாம்.

மாத்திரை சாப்பிடுகிறேன், ஊசி போடுகிறார்கள். முகம் இட்லிப் பானை மாதிரி வீங்கிக் கிடக்கிறது. ஆக்சிஜன் மிஷின் பக்கத்திலேயே இருக்கிறது. போன நுரையீரல் வராது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை அக்காவுடைய வருடப் பாத்திஹா. அன்றைக்கு உட்கார்ந்திருந்த அதே பெண்களைத் தேடித் தேடிக் கூப்பிட்டேன். மூக்கில் குழாயோடு, மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னேன். "எங்க மச்சான் கொல்லல. நான் சொன்னது அநியாயம். எங்க அக்கா கை, இந்தா பாருங்க, இதான்" என்று பத்து விரலையும் நீட்டினேன். ஒருத்தி எழுந்து போய்விட்டாள். மற்றவர்கள் கிட்டே வந்து பார்த்தார்கள். குத்புதீன் வீட்டு மாமி என் விரலைத் தடவிக்கொண்டே, "இதையும் இங்கயே வெச்சுக்கணுமாடி?" என்று கேட்டார். "இல்ல மாமி, இத ஊர் பூரா சொல்லுங்க" என்றேன். நாளைக்கே நான் மௌத்தானால் என்னைக் குளிப்பாட்டுகிறவர்களும் பார்த்ததைச் சொல்லட்டும். அதற்கு என் அனுமதி உண்டு.

ஹனீனுக்குக் காகிதத்தைக் காட்டினேன். வரி வரியாகப் படித்தாள். பிறகு சொன்னாள், மச்சான். அவள் உங்கள் மேல் கோபப்பட்டு வீட்டை விட்டு வரவில்லை. அக்கா அவளிடம், "அத்தாகிட்ட சொல்லாத, ஷெட்டுக்கு வரக் கூடாதும்பாரு" என்று சொல்லி மருதாணி அரைக்கச் சொல்லியிருக்கிறாள். எட்டு மாதம் அரைத்திருக்கிறாள் அந்தப் பிள்ளை. வாயைத் திறந்திருந்தால் அம்மா பிழைத்திருப்பாள் என்று அவளுக்குள்ளேயே வைத்துக்கொண்டு, உங்கள் முகத்தைப் பார்க்கப் பயந்து என் பின்னால் வந்துவிட்டாள். நீங்களும் அவளும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து, நான்தான் கொன்றேன் நான்தான் கொன்றேன் என்று இருந்திருக்கிறீர்கள்.

பெருநாளைக்கு அவளை அனுப்பி வைக்கிறேன். ஒன்றும் கேட்காதீர்கள். பிரியாணி போடுங்கள்.

ஷாஜாதி

*

மூலக்குளம்,
1 ஏப்ரல் 2025

ஷாஜாதிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

நேற்று பெருநாள் தொழுகை முடிந்து வந்தால் வாசலில் ஹனீன் நிற்கிறாள். "அத்தா, சாப்டீங்களா?" என்றாள். தலையை ஆட்டினேன். சாப்பிட்டேன் என்று ஆட்டினேனா, இல்லை என்று ஆட்டினேனா, எனக்கே தெரியாது.

நீ எட்டாவது படியைத் தாண்டிவிட்டாய் என்றாள். உன் இருமல் பாதியாகக் குறைந்துவிட்டதாம். கேட்டு சந்தோஷப்பட்டேன். இங்கேயும் ஒரு மாதமாகக் கேட்கவில்லை. நெடுமாறன்கூட, "சொந்தக்காரங்க ஊருக்குப் போயிட்டாங்களா பாய்?" என்றார். ஆமாம் என்றேன். சொல்லிவிட்டு உள்ளே வந்து, நூரீன் படுக்கிற அறையில் கொஞ்ச நேரம் காது கொடுத்து நின்றேன். வீடு அவ்வளவு அமைதியாக இருப்பதும் எனக்குத் தாங்கவில்லை.

தெருவில் பிள்ளைகள் எல்லாம் மருதாணிக் கையை ஆட்டிக்கொண்டு ஸலாம் சொல்ல வந்தார்கள். முழங்கை வரை வைத்திருந்தார்கள். ஹனீன் கையில் மட்டும் ஒரு பொட்டுகூட இல்லை. "நீ ஏன்மா வைக்கல?" என்றேன். கேட்காதே என்று நீ சொல்லியிருந்தாய், வாய் தவறிவிட்டது. அவள் இரண்டு கையையும் என் முன்னால் விரித்தாள். "நீங்க பாக்கணும்ல அத்தா. பாத்துக்குங்க."

வெளிச்சத்துக்கு அழைத்துப் போய் ஜன்னல் ஓரத்தில் வைத்து ஒவ்வொரு விரலாகப் பார்த்தேன். முட்டி, ஓரம், நகக்கண் எல்லாம். உன் அக்கா கையை ஒரு நாள் அப்படிப் பார்த்திருக்கலாம். ஒன்பது விரல் சுத்தமாக இருந்தது. வலது ஆட்காட்டி விரல் ஓரத்தில் சின்னதாக, நூல் போல ஒரு கீறல்.

"இது என்னாம்மா?"

"நோட்டுப் புக்கு கிழிச்சுடுச்சு அத்தா. வெறும் காகிதம்."

மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் அதையேதான் சொன்னாள். சிரிக்கவும் செய்தாள். அப்படியேதான் இருக்கும். காகிதம்தான் கிழித்திருக்கும்.

காகிதம் கையை வெடிக்க வைக்குமா மச்சான் என்று நீ முதல் கடிதத்தில் கேட்டிருந்தாய். அதற்கு நான் பதிலே எழுதவில்லை.

இதையும் சக்கரபாணியிடமே கொடுத்து அனுப்புகிறேன். நாளைக் காலை ஹனீனை அழைத்துக்கொண்டு உன் வீட்டுக்கு வருகிறேன். மூன்று பேருமாக உன் டாக்டரிடம் போவோம். தயாராக இரு.

ஜாகிர்